கரை போட்டவர்கள் யார்?

(ரயில்வே தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு கேங்மேன் தோழர் எழுந்து கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். அன்று ரயில் பிறந்த கதையைச் சொல்லிக் கொண்டிருந்தோம். ஸ்டீவன்சன் பெயர் வந்தது, டிரெவிதிக் பெயர் வந்தது. அவர் கேட்டார்: "இஞ்சின் செய்தவர் பெயரெல்லாம் சரி. தண்டவாளத்துக்குக் கரை போட்டது யார்?"

நம்மிடம் அன்று பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள் நாம். பாடப் புத்தகத்தில் ஒரு இஞ்சின் படம் இருந்தது, பக்கத்தில் ஒரு கனவான் படம் இருந்தது. மண் சுமந்தவன் படம் இல்லை. படித்துவிட்டு வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டோம். படித்த பிறகு தெரிகிறது: அந்தக் கேள்விதான் இந்தச் சரித்திரத்தின் நடு மையம்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதியோடு இங்கிலாந்தில் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்பாதை திறந்து 200 ஆண்டுகள் நிறைந்தன. அந்த நாட்டில் அதை விழாவாகக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கரை போட்டவனைத் தேடுகிற நாம் 1825-ல் ஆரம்பித்தால் போதாது. அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்னால், கால்வாய்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த நாளில் இங்கிலாந்தில் சரக்குப் போன வழியைப் பாருங்கள். பொதிக் குதிரை முதுகில் ஏற்றினால் ஒரு டன்னில் எட்டில் ஒரு பங்குதான் போகும். அதே குதிரை கரையில் நடந்து, தண்ணீரில் மிதக்கும் படகைக் கயிறு கட்டி இழுத்தால் 25, 30 டன் கூட நகரும். இந்தக் கணக்கு புரிந்தவுடன் நிலக்கரிச் சுரங்கம் வைத்திருந்த பிரபுக்களின் கண் திறந்தது. அவர்களில் ஒருவர் பிரிட்ஜ்வாட்டர் பிரபு. வொர்ஸ்லி என்ற ஊரில் அவருக்குச் சுரங்கம் இருந்தது. நிலக்கரி வாங்கும் மான்செஸ்டர் நகரம் சுமார் பத்து மைல் தூரத்தில் இருந்தது. 1759-ல் பார்லிமெண்டில் சட்டம் வாங்கினார். 1761 ஜூலையில் இர்வெல் ஆற்றின் தலைக்கு மேலே கல்லால் தொட்டிப்பாலம் கட்டி, அதன் மேல் தண்ணீரும் தண்ணீர் மேல் படகும் ஓடச் செய்தார்கள். ஆற்றில் போகிறவன் அண்ணாந்து பார்த்தால் மேலே இன்னொரு படகு போகும்! மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாக இறங்கியது.

அதைத் திட்டமிட்டவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலை இயந்திரம் பழுது பார்த்து வந்த தொழிலாளி. எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது. கணக்கையெல்லாம் மனத்திலேயே போட்டுக்கொள்வார். "ஆகாயக் கோட்டை" என்று அந்தத் தொட்டிப்பாலத்தைப் படித்த எஞ்சினியர்கள் கேலி செய்தார்கள். பிரிண்ட்லியிடம் இருந்த பெரிய வித்தை களிமண். களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிதித்து, கால்வாயின் அடியிலும் ஓரத்திலும் அப்பினால் நீர் கசியாது. மிதித்தவர்கள் யார்? கால் பலமுள்ள கூலி ஆட்கள். சில இடங்களில் மாடுகளை ஓட்டியும் மிதிக்கச் செய்தார்கள்.

வொர்ஸ்லியில் இன்னொன்றும் நடந்தது. கால்வாயைச் சுரங்கத்துக்கு உள்ளேயே கொண்டு போனார்கள். பூமிக்கு அடியில் வெட்டிய இந்தக் கால்வாய்கள் காலப் போக்கில் 46 மைல் நீளம் ஆயின. நிலக்கரியை அங்கேயே படகில் ஏற்றி வெளியே கொண்டு வந்தார்கள். இருட்டில் அதை வெட்டியவர் எத்தனை பேர் என்று யாரும் பொதுவில் எழுதி வைக்கவில்லை. பிரபு 1803-ல் காலமானபோது இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உள்நாட்டுக் கால்வாய்களுக்கு அந்த நாளில் 'நாவிகேஷன்' என்று பெயர். அதை வெட்டியவன் 'நாவிகேட்டர்'. பெயர் சுருங்கி 'நாவி' ஆயிற்று. கேங்மேன் தோழரின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: கரை போட்டவன் பெயர் நாவி. கால்வாய் வெட்டக் கற்ற அந்தக் கைகள்தான் பிறகு ரயிலுக்கும் மண் போட்டன.

1766-ல் டிரெண்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாய் தொடங்கியது. பீங்கான் ஆலை முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட் முதல் மண்ணை வெட்டினார். ஹேர்காசில் மலையைக் குடைய 11 ஆண்டுகள் ஆயின. நீளம் 2,880 கெஜம். பிரிண்ட்லி முடிவைப் பார்க்காமலே 1772-ல் இறந்துவிட்டார். செலவு மிச்சப்படுத்த அந்தக் குகையை மிகவும் குறுகலாக வெட்டினார்கள். உள்ளே குதிரை நடக்கக் கரை இல்லை. குதிரையை மலைக்கு மேலாக ஓட்டிப் போவார்கள். படகை நகர்த்த ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்து, குகையின் சுவரில் கால்களை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டே போக வேண்டும். இருட்டில், ஈரத்தில், முதுகு பலகையில் தேய, இரண்டு மூன்று மணி நேரம். இதற்கென்றே கூலிக்கு ஆட்கள் வாயில் காத்திருப்பார்கள். 1827-ல் டெல்ஃபோர்டு என்ற எஞ்சினியர் பக்கத்திலேயே, குதிரை நடக்கும் கரையோடு, இன்னொரு குகையை மூன்றே ஆண்டுகளில் வெட்டி முடித்தார்.

1790-களில் கால்வாய்ப் பங்கு வாங்கும் பைத்தியம் பிடித்தது. கையில் பணமுள்ளவன் எல்லாம் கால்வாய்க் கம்பெனியில் போட்டான். சிலவற்றில் கொள்ளை லாபம், சிலவற்றில் தண்ணீரே வரவில்லை. அது போகட்டும்.

இனி ரயில். 1804 பிப்ரவரி 21-ல் தென் வேல்ஸில் ஓர் இரும்பாலை முதலாளி கட்டிய பந்தயத்துக்காக டிரெவிதிக்கின் நீராவி இஞ்சின் 10 டன் இரும்பையும், தொற்றிக்கொண்ட 70 பேரையும் ஒன்பது மைலுக்கு மேல் இழுத்துச் சென்றது. இஞ்சினின் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. டிரெவிதிக் பிறகு தென் அமெரிக்கா போய், கையில் காசில்லாமல் திரும்பி, 1833-ல் டார்ட்ஃபோர்டு ஊரில் இறந்தார். அடக்கம் செய்யப் பணம் இல்லை. அவர் கடைசியாக வேலை பார்த்த பட்டறைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் வசூலித்து, தாங்களே தூக்கிச் சென்று அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு அடையாளமும் இல்லை.

ஜார்ஜ் ஸ்டீவன்சன் சுரங்க இஞ்சினுக்குக் கரி போட்டவர் மகன். 18 வயதில்தான் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றார். அவர் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. 1829-ல் ரெயின்ஹில் போட்டியில் அவரும் மகன் ராபர்ட்டும் செய்த 'ராக்கெட்' இஞ்சின் 500 பவுன் பரிசை வென்றது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 15-ல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு லிவர்பூலில் இறங்கும். மான்செஸ்டர் ஆலைகளுக்கு அது சீக்கிரம் போக வேண்டும். முதலாளிகளுக்கு அவசரம். நடுவே சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலம். போட்ட மண்ணை எல்லாம் விழுங்கியது. கடைசியில் புதரையும் குச்சியையும் பின்னித் தட்டிகளாகப் பரப்பி, அதன் மேல் பாதையை மிதக்க விட்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பிரதம மந்திரி வெலிங்டன் வந்தார். வழியில் ஹஸ்கிசன் என்ற பார்லிமெண்ட் மெம்பர் இஞ்சினில் அடிபட்டு மாண்டார். அதைத்தான் எல்லாப் புத்தகமும் சொல்லும். மான்செஸ்டரில் நடந்ததைக் கொஞ்சம்தான் சொல்வார்கள். 1819-ல் அதே நகரத்தில், செயின்ட் பீட்டர் மைதானத்தில், ஓட்டுரிமை கேட்டுக் கூடிய ஜனங்கள் மீது குதிரைப் படையை ஏவிப் பலரைக் கொன்றிருந்தார்கள். மக்கள் அதை மறக்கவில்லை. வெலிங்டன் வந்த வண்டியைப் பார்த்துச் சீறினார்கள், கூச்சல் போட்டார்கள். அவர் வண்டியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை.

இனித்தான் நம் விஷயம். லண்டன்–பர்மிங்ஹாம் பாதையை 1834 முதல் 1838 வரை சுமார் 20,000 பேர் போட்டார்கள். டிரிங் என்ற இடத்தில் மலையை இரண்டரை மைல் நீளத்துக்கு வெட்டிப் பள்ளமாக்க வேண்டும். வெட்டிய மண்ணை மேலே ஏற்றியது எப்படி? சரிவில் பலகை போட்டு, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மண்ணை நிரப்பி, வண்டியையும் ஆளையும் சேர்த்துக் கயிறு கட்டி, மேலே ஒரு குதிரை இழுக்கும். நாவி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நிமிர்ந்த சரிவில் நடந்து ஏற வேண்டும். மழையில் பலகை வழுக்கும். குதிரை தடுக்கினால், வண்டியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறு பக்கம் குதிக்க வேண்டும். தவறினால் மண்ணும் வண்டியும் தலை மேல். இதற்கு ஓர் எஞ்சினியர் நகரும் மேடை ஒன்று செய்து கொடுத்தார். கூலியைக் குறைக்க வந்த யந்திரம் என்று நாவிகள் அதை உடைத்துப் போட்டார்கள். இது அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. யந்திரம் வந்த இடங்களில் எல்லாம் கூலி என்ன ஆயிற்று என்று பார்த்துப் பழகியவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

பழக்கப்பட்ட நாவி ஒருவன் நாளொன்றுக்கு 20 டன் மண்ணைத் தன் தலை உயரத்துக்கு மேல் வாரிப் போடுவான். ஆயுதம் மண்வாரி, பிக்காசு, வெடிமருந்து. தோழர்களே, நம்மில் கல் வாரிப் போட்டவர்கள் இருக்கிறீர்கள். 20 டன் என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

பாத் நகரத்துக்கு அருகே பாக்ஸ் மலையில் கிட்டத்தட்ட இரண்டு மைல் குகை. 1841-ல் முடிந்தது. வாரத்துக்கு ஒரு டன் வெடிமருந்தும் ஒரு டன் மெழுகுவர்த்தியும் செலவாயின. சுமார் நூறு பேர் மாண்டார்கள். அந்தப் பாதை வேலையில் அடிபட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் பாத் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 131 பேரின் பட்டியலைப் பிற்பாடு தலைமை எஞ்சினியர் புருனெலிடம் காட்டினார்கள். வேலையின் அளவைப் பார்த்தால் இது குறைவுதான் என்பது அவர் அபிப்பிராயம். அவர் கட்டிய பாலங்களைப் பார்த்து நாமும் வியக்கிறோம். அந்த வார்த்தையை மறக்கவும் முடியவில்லை.

இதைவிடக் கொடுமை உட்ஹெட். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே, காற்றும் மழையும் ஓயாத மேட்டுக் காட்டில் மூன்று மைல் குகை. 1839 முதல் 1845 வரை வேலை. ஒரு கட்டத்தில் 1,500 பேர். தங்குவதற்கு அவர்களே கல்லை அடுக்கி, சேறு பூசி, புதரால் வேய்ந்த குடிசைகள். கூலி ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை. நடுவில் பசித்தால்? காண்ட்ராக்டர் சீட்டுக் கொடுப்பான். அந்தச் சீட்டு அவனுடைய கடையில்தான் செல்லும். 'டாமி ஷாப்' என்று அதற்குப் பெயர். விலை வெளிக் கடையைவிட அதிகம், சரக்கு மட்டம். கூலி நாள் வரும்போது கணக்குப் பார்த்தால் கடன் மிச்சம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக் கடையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பாறையில் துளை போட்டு, மருந்தைத் திணித்து, கம்பியால் இடிப்பார்கள். இரும்புக் கம்பி பாறையில் உரசினால் பொறி பறக்கும். மருந்து முகத்தில் வெடிக்கும். செம்புக் கம்பியில் பொறி வராது. ஆனால் செம்பு சீக்கிரம் மழுங்கும் என்று இரும்பையே கொடுத்தார்கள். பாதுகாப்பான திரியும் அப்போது கண்டுபிடித்தாகிவிட்டது. அதை ஏன் உபயோகிக்கவில்லை என்று பிற்பாடு பார்லிமெண்ட் கமிட்டி கேட்டபோது, அங்கிருந்த எஞ்சினியர் சொன்ன பதிலின் சாரம் இது: அது ஒரு வேளை பத்திரமானதுதான்; ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும்; அதனால் பிழைக்கக்கூடிய உயிர்களுக்காக அந்த நேரத்தை இழக்கும்படி நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்! ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். பதிவேட்டில் இருக்கிறது.

உட்ஹெட்டில் 32 பேர் செத்தார்கள். எலும்பு முறிந்தவர், கண் போனவர், உடல் வெந்தவர் நூற்றுக்கு மேல். இந்தக் கணக்கு எப்படி வெளியே வந்தது? அங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் குறித்து வைத்திருந்தார். எட்வின் சாட்விக் என்ற அதிகாரி அதை எடுத்து 1846 ஜனவரியில் மான்செஸ்டரில் வாசிக்கச் செய்தார். வாட்டர்லூ போரில் சிப்பாய்கள் மாண்ட விகிதத்தைவிட உட்ஹெட்டில் நாவிகள் மாண்ட விகிதம் அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சாட்விக் தொழிலாளி பக்கத்து ஆள் அல்ல; ஏழைகளை அடைக்கும் விடுதிகளைக் கொண்டு வந்த 1834 சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவர். அவருக்கே பொறுக்கவில்லை என்றால் நிலைமையை யூகித்துக் கொள்ளுங்கள். இந்தக் குகையை அவர்கள் குடைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், சில மணி நேரப் பயண தூரத்தில், மான்செஸ்டர் சேரிகளில் இளைஞர் எங்கெல்ஸ் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து கொண்டிருந்தார்.

கூச்சல் கிளம்பியதால் பார்லிமெண்ட் ஒரு கமிட்டி போட்டது. முதலாளிகள், எஞ்சினியர்கள், பாதிரிகள், சில நாவிகள் சாட்சி சொன்னார்கள். எல்லா முதலாளியும் ஒரே மாதிரி பேசவில்லை. பீட்டோ என்ற பெரிய காண்ட்ராக்டர், தாம் வாரா வாரம் ரொக்கமாகக் கூலி கொடுப்பதாகவும் சீட்டுக் கடை வைப்பதில்லை என்றும் சொன்னார். அப்படியானால் முடியாத காரியம் அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது. 1846 ஜூலையில் கமிட்டி அறிக்கை கொடுத்தது. கூலியை ரொக்கமாகக் கொடு. சீட்டுக் கடையைத் தடுக்கும் சட்டத்தை ரயில் வேலைக்கும் விரிவாக்கு. வேலையில் செத்தவனுக்கும் ஊனமானவனுக்கும் கம்பெனியே பொறுப்பு — இவை முக்கிய சிபாரிசுகள். பார்லிமெண்ட் என்ன செய்தது? விவாதிக்கக் கூட இல்லை. அலமாரியில் வைத்தது. அதே 1846-ல்தான் 250-க்கு மேற்பட்ட ரயில்வேச் சட்டங்களை, கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்து, ஒன்றன் பின் ஒன்றாக நிறைவேற்றியது. அதற்கு நேரம் இருந்தது.

இன்னொன்றும் அந்த ஆண்டில் நடந்தது. ஒரு பொருளால் மனிதன் செத்தால் அந்தப் பொருளின் மதிப்பை அபராதமாக விதிக்கும் அதிகாரம் பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஊர் ஜூரிகளுக்கு இருந்தது. 1841 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சானிங் என்ற இடத்தில் சரிந்த மண்ணில் ரயில் மோதி, கூரையில்லாத திறந்த வண்டியில் ஊர் திரும்பிய மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் ஒன்பது பேர் மாண்டார்கள். பலர் லண்டனில் புதிய பார்லிமெண்ட் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கல் தச்சர்கள். ஜூரி இஞ்சின் மீதும் வண்டிகள் மீதும் ஆயிரம் பவுன் அபராதம் தீட்டியது. கம்பெனிகளுக்குக் குலை நடுக்கம். 1846-ல் பார்லிமெண்ட் அந்த அதிகாரத்தையே ஒழித்தது. பதிலுக்கு, விபத்தில் செத்தவர் குடும்பம் நஷ்ட ஈடு கோரி வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டம் செய்தது. ஆனால் தொழிலாளி குடும்பத்துக்கு அது உதவவில்லை. உடன் வேலை செய்தவன் தவறால் செத்தால் முதலாளி பொறுப்பல்ல என்று கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லின. மேஸ்திரி முதல் இஞ்சின் டிரைவர் வரை எல்லோரும் 'உடன் வேலை செய்தவன்'தான்! 1880-ல்தான் முதல் சட்டம், அதுவும் அரைகுறை. 1897-ல்தான் நஷ்ட ஈட்டுச் சட்டம். 1846-ல் கமிட்டி சொன்னதைக் கொண்டு வர ஐம்பது ஆண்டுகளும் தொழிற்சங்கங்களும் தேவைப்பட்டன.

1847-ல் இரண்டரை லட்சம் பேர் ரயில் கட்டும் வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஆங்கிலேயர்; பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்களும் நிறைய. காண்ட்ராக்டர்கள் ஐரிஷ்காரனைக் குறைந்த கூலிக்கு வைத்தார்கள். ஆங்கிலேய நாவி காண்ட்ராக்டரை விட்டுவிட்டு ஐரிஷ்காரனை அடித்தான். 1846 பிப்ரவரியில் பென்ரித் பக்கம் பெரிய கலகமே நடந்தது. இதையும் மறைக்கக் கூடாது.

அந்தக் காண்ட்ராக்டர்களும் எஞ்சினியர்களும்தான் அடுத்து நம் நாட்டுக்கு வந்தார்கள். 1849 ஒப்பந்தப்படி லண்டன் பங்குதாரர்களுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். குறைந்தால் இந்திய வரிப் பணத்திலிருந்து நிரப்ப வேண்டும். பம்பாய்–பூனா வழியில் போர் காட் மலைப் பாதையை 1856-லிருந்து 1863 வரை வெட்டினார்கள். ஒரு சமயம் 40,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கூலி பாக்கிக்காக 1859-ல் கலகம் நடந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் விபத்திலும் மாண்டவர் 25,000 வரை இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறார்கள். உட்ஹெட்டில் ஒரு டாக்டராவது குறித்து வைத்தார். இங்கே கணிக்கத்தான் முடிகிறது.

மீண்டும் இங்கிலாந்துக் கால்வாய்க்கு வருவோம். ரயில் வந்ததும் படகுக் கூலி சரிந்தது. கரையில் வீடு வைத்துக்கொள்ள முடியாமல் படகோட்டி மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக் கொண்டான். பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலமுள்ள அறையில் முழுக் குடும்பம். மனைவி கூலியில்லாத தொழிலாளி, குழந்தை குதிரை ஓட்டும், பள்ளிக்கூடம் கிடையாது. 1877-ல்தான் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. இன்று அந்த அறையின் ரோஜாப் பூச் சித்திரங்களை உல்லாசப் பிரயாணிகள் போட்டோ எடுக்கிறார்கள். அழகான சித்திரங்கள்தான்.

1948-ல் லேபர் சர்க்கார் ரயில்களையும் பெரும்பாலான கால்வாய்களையும் தேசவுடைமை ஆக்கியது. பங்குதாரர்களுக்கு நஷ்ட ஈடு தாராளம். 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக் கணக்கில் உறைந்து கிடந்ததோடு சரக்குப் படகுத் தொழில் ஏறக்குறைய முடிந்தது. 1990-களில் ரயிலைத் தனியாருக்கு விற்றார்கள். 2024-ல் சட்டம் செய்து, 2025-லிருந்து பிரயாணிகள் ரயிலை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கிறார்கள். அது தனிப் பேச்சு.

தூர்ந்து போன கால்வாய்களைக் காப்பாற்றியது யார் என்பது சுவையான விஷயம். 1946-ல் ரோல்ட், ஐக்மன் என்ற இருவர் முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பின்னால் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், தொழிலாளிகள், லீவு நாட்களில் மண்வாரியோடு சேற்றில் இறங்கினார்கள். மூடிய கால்வாய்கள் பல மீண்டும் திறந்தன. அந்தத் தொண்டர்கள் நடத்தும் பத்திரிகைக்கு என்ன பெயர் தெரியுமா? 'நாவிகள்'.

கடைசியாக ஒன்று. வடக்கே செட்டில்–கார்லைல் பாதையை 1869 முதல் 1876 வரை கட்டினார்கள். ரிபில்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகள் கொண்ட பாலம் இன்றும் நிற்கிறது. 1980-களில் பாதையை மூடப் பார்த்தபோது மக்கள் போராடி 1989-ல் காப்பாற்றினார்கள். பாலத்தின் கீழே, புல்வெளியில் இருந்த குடிசைகள் இப்போது இல்லை. சற்று தூரத்தில் சாப்பல்-லெ-டேல் என்ற சிற்றூரின் மாதா கோவில் மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார்கள். விபத்தில் மாண்ட ஆண்கள், அம்மையில் மாண்ட பெண்கள், குழந்தைகள். கோவிலுக்குள் ஒரு கல் பலகை உண்டு. வேலையில் உயிர் விட்டவர்கள் நினைவாக, உடன் உழைத்த தொழிலாளர்களும் கம்பெனியும் சேர்ந்து வைத்தது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டிருக்கிறார்கள். பலகையில் பெயர்கள் இல்லை. பெயர்கள் அந்தக் கோவிலின் அடக்கப் பதிவேட்டில், வயதோடு இருக்கின்றன.

கேள்வி கேட்ட கேங்மேன் தோழருக்கு இன்று இரவு டூட்டி. கூட்டத்துக்கு வர முடியவில்லை. இது பத்திரிகையில் வந்தால் யாராவது அவர் கையில் கொண்டு சேருங்கள்.